போத்தல்ல விக்கிற பக்டீரியா வேலை செய்யுமா, பயிருக்குப் பசளை போட டிஎன்ஏ என்னத்துக்கு? கொஞ்சம் நீட்டான பதில்

கேள்வியை முதல்ல சுருக்கமாச் சொல்லுறன், அப்பதான் வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கும். வெள்ளவத்தையில பிளாட்டில இருக்கிற ஒரு அக்கா ரெண்டு விஷயம் கேட்டிருக்கிறா. பல்கனியில கொம்போஸ்ட்டும் தும்புத்தூளும் போட்ட சாடியில தக்காளியும் கத்தரியும் வச்சிருக்கிறா, "மண்ணில பூட்டுப்பட்ட பொஸ்பரசை விடுவிக்கும் நுண்ணுயிர்" எண்டு லேபல் ஒட்டின ஒரு போத்தல் வாங்கி ஒரு மாசமா ஊத்தினவவாம், ஒரு வித்தியாசமும் இல்லையாம், இது ஏமாத்து வேலையா எண்டு கேக்கிறா. மற்றது, மகன் ஏஎல் பயோ முடிச்சிட்டு தாவர மொலிகியூலர் பயோலஜி படிச்சு பயிர்ச் சத்தும் மண் நுண்ணுயிரும் எண்டு ரிசேர்ச் செய்யப்போறன் எண்டு நிக்கிறானாம், சொந்தக்காரர் எல்லாம் "பசளை போடுறதுக்கு டிஎன்ஏ என்னத்துக்கு?" எண்டு கேட்டுக் கரைச்சல் குடுக்கினமாம், இந்த ஆக்கள் லேப்பில உண்மையில என்னதான் செய்யினம்?

அக்கா, நான் கொழும்பில ஒரு லேப்பில கொஞ்சக்காலம் இருந்து நெல்லு வேர் அரைச்ச ஆள், அதால கொஞ்சம் கூடக் கதைப்பன், பொறுத்துக்கொள்ளுங்கோ. உங்கட ரெண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்திலதான் கிடக்கு. செடி எண்டது நாங்கள் ஊத்தினதை எல்லாம் குடிச்சிட்டு சும்மா நிக்கிற சாமான் இல்லை, தனக்குள்ள எவ்வளவு பொஸ்பேட் இருக்கு, எவ்வளவு நைட்ரஜன் இருக்கு எண்டு தானே அளந்து பாத்துத்தான் எந்த நுண்ணுயிரை வேருக்குள்ள சேர்க்கிறது, எதைச் சேர்க்காம விடுறது எண்டு முடிவெடுக்குது. பசி இல்லாத செடிக்கு போத்தல் போத்தலா ஊத்தினாலும் அது திரும்பியும் பாக்காது. உங்கட மகன் படிக்கப்போறது செடி அதை எப்பிடி அளக்குது எண்டதைத்தான்.

பொஸ்பரஸ்ல இருந்து தொடங்குறன், ஏனெண்டா உங்கட போத்தல் அதைப்பற்றித்தான் கதைக்குது. மண்ணில பொஸ்பரஸ் இல்லாமல் இல்லை, கனக்க இருக்கு, ஆனா பிக்ஸட் டெப்பாசிட்ல போட்ட காசு மாதிரி, கணக்கில நிக்கும் கைச்செலவுக்கு வராது. எங்கட ஈரவலயத்துப் புளிச்ச செம்மஞ்சள் மண்ணில இரும்பும் அலுமினியமும் பொஸ்பேட்டைப் பிடிச்சு வச்சிருக்கும், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லுக்கு மேல இருக்கிற மண்ணில கல்சியம் பிடிச்சு வச்சிருக்கும். வேர் எடுக்கிறது தண்ணியில கரைஞ்சிருக்கிற பொஸ்பேட்டை மட்டும்தான், மண் தண்ணியில அது பெரும்பாலும் லீட்டருக்கு 10 மைக்ரோமோலுக்கும் கீழ, செடியின்ட கலத்துக்குள்ள இருக்கிறது அதை விட ஆயிரம் மடங்கு அளவில கூட. இவ்வளவு குறைஞ்ச இடத்தில இருந்து இவ்வளவு கூடின இடத்துக்கு இழுத்தெடுக்கிறதெண்டா சக்தி செலவழிச்சுத்தான் எடுக்கோணும். அதுவும் போதாமல் பொஸ்பேட் மண்ணுக்குள்ள அசையிறது சரியான மெதுவு, வேர் தன்னைச் சுத்தி ஒண்டு ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள இருக்கிறதை எடுத்து முடிச்சுதெண்டா அந்த இடம் வறண்டுபோயிடும், பக்கத்தில இருக்கிறது வந்து சேர நாள் எடுக்கும்.

இந்த இடத்திலதான் பங்கஸ் வருது. மைக்கோரைசா எண்டு ஏஎல் புத்தகத்திலயே இருக்கு, மகனுக்குத் தெரிஞ்சிருக்கும், வேருக்குள்ள வாழுற ஒரு பங்கஸ், தரையில வளருற செடியினங்கள்ல கிட்டத்தட்ட 70 வீதத்துக்கு மேல இதோட கூட்டு வச்சிருக்கு. ஸ்கொட்லாந்தில ரைனி எண்ட இடத்தில எடுத்த 40 கோடி வருஷப் பழைய பாறையில, செடியளுக்கு ஒழுங்கான வேரே வராத காலத்துத் தண்டுக்குள்ளயே இந்தப் பங்கஸ் கிளைவிட்டு நிக்குது. இது வேரை விட்டு வெளியில சென்டிமீட்டர் கணக்கில மெல்லிய இழையா நீண்டு போய், வேருக்கு எட்டாத இடத்தில இருந்து பொஸ்பேட்டைக் கொண்டு வந்து குடுக்கும், பதிலுக்கு செடி தான் வெயிலில செய்த சாப்பாட்டில 4 தொடக்கம் 20 வீதம் வரைக்கும் இதுக்குக் குடுக்குது எண்டு கணக்குப் பாத்திருக்கினம். ஐஞ்சில ஒரு பங்கு வரைக்கும் போகலாம் எண்டா சின்னச் செலவில்லை, அதாலதான் செடி தேவையில்லாமல் இதை வச்சுக்கொள்ளாது.

இதைக் கண்ணால பாக்கிறது கஷ்டமில்லை, அதுவும் செலவில்லாத முறை. வேரை பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில சூடாக்கி உள்ள இருக்கிற நிறத்தையெல்லாம் எடுத்துட்டு, வினாகிரியில பவுண்டன் பேனா மை கலந்து அதில கொஞ்ச நேரம் அவிச்சா பங்கஸ் மட்டும் மை பிடிச்சு நிக்கும், வேர் கண்ணாடி மாதிரித் தெரியும். விளையாட்டுக் கதையில்லை, 1998ல ஒழுங்கா ஆய்வுக் கட்டுரையா வந்த முறை, உலகம் முழுக்க லேப்பில இப்பவும் இதைத்தான் செய்யினம். மைக்கிரஸ்கோப்பில பாத்தா வேர்க் கலம் ஒவ்வொண்டுக்குள்ளயும் ஒரு குட்டி மரம் மாதிரிக் கிளைச்சு நிக்கும், ஆர்பஸ்கியூல் எண்டு சொல்லுறது, குடுக்கல் வாங்கல் எல்லாம் அதிலதான். அது ஒரு கிழமையளவு நிண்டுட்டு சுருங்கி அழிஞ்சுபோகும், பிறகு வேற கலத்தில புதுசு வரும். அழிக்கிறதும் செடிதான். பொஸ்பேட் ஒழுங்கா வரேல்லையெண்டா அந்தக் கலத்தில இருக்கிற ஆர்பஸ்கியூலை நேரத்தோட முடிச்சு விட்டுடும், பொஸ்பேட்டை உள்ளுக்கு எடுக்கிற ஜீன் பழுதான மெடிக்காகோ எண்ட அவரைக் குடும்பச் செடியில வச்சு இதைக் காட்டியிருக்கினம்.

இனி மொலிகியூலர் ஆக்களின்ட வேலைக்கு வாறன். செடி தன்ட பொஸ்பேட்டை எப்பிடி அளக்குது? 2001ல ஸ்பெயின்ல மட்றிட்டில ஒரு குழு பிஎச்ஆர்1 எண்ட ஒரு புரதத்தைக் கண்டுபிடிச்சவை, அது டிஎன்ஏயில ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை இருக்கிற இடத்தில போய் ஒட்டி நூற்றுக்கணக்கான ஜீனை ஒரேயடியா ஓன் பண்ணும், பொஸ்பேட்டை இழுக்கிற புரதம், வேர்மயிரை நீட்டுற ஜீன், மண்ணில இருக்கிற சேதனப் பொருளை உடைச்சு பொஸ்பேட்டை எடுக்கிற நொதியம் எல்லாம் இதுக்குக் கீழதான். ஆனா கலத்துக்குள்ள பொஸ்பேட் காணுமான அளவு இருக்கேக்க எஸ்பிஎக்ஸ் எண்ட இன்னொரு புரதம் பிஎச்ஆரைப் பிடிச்சு வச்சிருக்கும், ஒட்ட விடாது. அந்த எஸ்பிஎக்ஸ் பொஸ்பேட்டை நேராப் பாக்கிறேல்ல, பொஸ்பேட் கூடக் குறையேக்க தானும் கூடிக் குறையிற இனோசிட்டோல் பைரோபொஸ்பேட் எண்ட சின்ன மூலக்கூறு ஒண்டு வந்து ஒட்டியிருக்கோ எண்டுதான் பாக்குது. பொஸ்பேட் குறைஞ்சா அந்த மூலக்கூறும் குறையும், பிடி விடும், பிஎச்ஆர் போய் வேலையைத் தொடங்கும். இதை 2016 அளவிலதான் வடிவா விளங்கிக்கொண்டவை. 2021ல ஷங்ஹாய்ல நெல்லில செய்த ஆய்வு என்ன காட்டிச்செண்டா, மைக்கோரைசா பங்கசைச் சேர்க்கிறதுக்குத் தேவையான ஜீன்களும் இதே பிஎச்ஆர் எஸ்பிஎக்ஸ் கூட்டுக்குக் கீழதான் இருக்கு. அதாவது பொஸ்பேட் காணும் எண்டு செடி நினைச்சா பங்கசுக்கு வேலை இல்லை. நீங்கள் கொம்போஸ்ட்டும் போட்டு, மேல ஒரு கைப்பிடி கலப்புப் பசளையும் தூவி, அதுக்கு மேல போத்தலையும் ஊத்தினா என்ன நடக்கும் எண்டு இப்ப உங்களுக்கே விளங்கும்.

பசிச்ச வேர் பங்கசை எப்பிடிக் கூப்பிடுது எண்ட கதை இன்னும் வடிவானது. ஆபிரிக்காவில சோளம், இறுங்கு வயலையெல்லாம் அழிக்கிற ஸ்ட்ரைகா எண்ட ஒரு ஒட்டுண்ணிக் களை இருக்கு, அதின்ட விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கில தூங்கும், பக்கத்தில ஒரு வேர் வந்தால் மட்டும் முளைக்கும். வேரில இருந்து என்ன வந்து அதை எழுப்புது எண்டு தேடி 1966ல பருத்தி வேரில இருந்து ஸ்ட்ரைகோல் எண்ட பொருளைப் பிரிச்செடுத்தவை. அப்ப எல்லாருக்கும் ஒரு குழப்பம், தன்னைக் கொல்லுற களையை எழுப்பிற சாமானை ஒரு செடி எதுக்கு வேலைமினக்கெட்டுச் செய்து மண்ணில விடுது? விடை வர கிட்டத்தட்ட நாப்பது வருஷம் எடுத்தது. 2005ல ஜப்பான்ல அகியாமாவின்ட குழு காட்டினவை, அது மைக்கோரைசா பங்கசைக் கூப்பிடத்தான், அந்தப் பொருள் பட்டவுடன பங்கசின்ட இழை பரபரவெண்டு கிளைவிடும், களை அதை ஒட்டுக்கேட்டுப் பழகினதுதான். 2008ல அதே பொருள் செடிக்குள்ள பக்கக்கிளை வராமல் தடுக்கிற ஹோர்மோன் எண்டும் தெரியவந்தது, அதாலதான் பொஸ்பரஸ் காணாத நெல்லு மட்டம் வெடிக்காமல் ஒத்தைத் தண்டா நிக்குது, சாப்பாடு இல்லாத நேரம் கிளையைக் குறைச்சுக்கொண்டு வேரால உதவி கேக்குது, ரெண்டுக்கும் ஒரே மூலக்கூறு. வயல்காரர் இதைக் காலங்காலமாப் பாத்துக்கொண்டுதான் வந்திருக்கினம், ஏன் எண்டுதான் தெரியாது.

இன்னொண்டும் சொல்லோணும், இதை நான் ஆரோட கதைச்சாலும் சொல்லாம விடுறேல்ல. 2013ல இந்தப் பங்கசின்ட முழு ஜீனோமையும் வாசிச்சு முடிச்சாப்பிறகு பாத்தா, கொழுப்பமிலம் செய்யிற அடிப்படை நொதியத்தின்ட ஜீனே அதில இல்லை. ஆனா பங்கசோ உடம்பு முழுக்கக் கொழுப்பு. அப்ப எங்க இருந்து வருது? 2017ல ஒண்டுக்கு மேற்பட்ட குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில காட்டினவை, செடிதான் கொழுப்பைச் செய்து ஊட்டுது. அதுவரைக்கும் சீனி மட்டும்தான் குடுக்குது எண்டு புத்தகத்தில எழுதிக்கிடந்தது. இதால ஒரு நடைமுறை விஷயமும் விளங்குது, இந்தப் பங்கசை சாதாரணமா உயிருள்ள வேர் இல்லாமல் வளர்க்கேலாது, பக்டீரியாவைத் தாங்கியில பெருக்கிற மாதிரி மலிவாப் பெருக்க வழியில்லை. அதோட கோவா, முள்ளங்கி, கடுகுக் குடும்பம் இந்தப் பங்கசோட கூட்டே வச்சுக்கொள்ளாது, தேவையான ஜீன்களையே காலப்போக்கில துலைச்சிட்டுது. எந்த லேபலாவது "மைக்கோரைசா, எல்லாப் பயிருக்கும், கோவாவுக்கு விசேஷம்" எண்டு சொன்னா வச்சிட்டு வாங்கோ.

பகிடி என்னெண்டா, மொலிகியூலர் பயோலஜி ஆக்கள் எல்லாத்துக்கும் பாவிக்கிற அராபிடோப்சிஸ் எண்ட சின்னச் செடியும் அதே கடுகுக் குடும்பம்தான், அதால பல வருஷமா உலகத்திலயே கூடுதலாப் படிக்கப்பட்ட செடியில இந்தக் கூட்டைப் படிக்க வழியிருக்கேல்ல, நெல்லு, மெடிக்காகோ, லோட்டஸ் (தாமரை இல்லை, இதுவும் அவரைக் குடும்பம்தான்) எண்டு வேற செடிக்குப் போகவேண்டி வந்தது. ஆனா அராபிடோப்சிஸ்ல வேற ஒண்டு வெளிச்சது. 2017ல அமெரிக்காவில நோர்த் கரோலைனாவில கஸ்ட்ரியோ, டாங்கிள் எண்டவையின்ட குழு காட்டினது, அதே பிஎச்ஆர்1 பொஸ்பேட் பசி வரேக்க செடியின்ட நோய் எதிர்ப்பு ஜீன்களில ஒரு பகுதியையும் அடக்கி வைக்குது எண்டு. பசிச்ச செடி உதவிக்கு வாற நுண்ணுயிரைச் சேர்க்கிறதுக்காக காவலைக் கொஞ்சம் தளத்துது, அது ஆபத்தும்தான். பயிருக்குச் சத்துக் காணாட்டி நோய் கூடவாறது பலவீனத்தால மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த எனக்கு இதை வாசிக்கேக்க தூக்கிவாரிப்போட்டது.

சரி, உங்கட போத்தல். அதில இருக்கிறது பங்கஸ் இல்லை, பொஸ்பேட் கரைக்கிற பக்டீரியாவா இருக்கும், பெரும்பாலும் பசிலஸ் இல்லாட்டி சூடோமோனஸ். இதை எப்பிடித் தெரிவு செய்யினம் எண்டா, பிக்கோவ்ஸ்காயா எண்ட ஒரு ஊடகம் இருக்கு, 1948ல இருந்து பாவிக்கிறது, அதில கல்சியம் பொஸ்பேட் தூளைக் கலந்து தட்டில ஊத்தினா பால் மாதிரி வெள்ளையா நிக்கும், மண்ணில இருந்து எடுத்த பக்டீரியாவை அதில வச்சா கரைக்கக்கூடியது தன்னைச் சுத்தி ஒரு தெளிஞ்ச வளையம் போடும். பாக்க நல்ல வடிவு, போட்டோ எடுத்து போஸ்டரில போட ஏத்தது. பிரச்சினை என்னெண்டா அந்தத் தட்டில குளுக்கோஸ் அள்ளிக் கொட்டியிருக்கு, பக்டீரியா அதைத் திண்டு அமிலம் விடுது, அமிலம் கல்சியம் பொஸ்பேட்டைக் கரைக்குது. மண்ணில ஆர் அவைக்கு குளுக்கோஸ் ஊத்துறது? அங்க பக்டீரியாவே பட்டினி. விடுற கொஞ்ச அமிலத்தையும் மண் விழுங்கிப்போடும், தப்பித்தவறிக் கரைஞ்ச பொஸ்பேட்டை பக்கத்தில இருக்கிற இரும்பு திரும்பப் பிடிச்சுக்கொள்ளும், இல்லாட்டி பக்டீரியா தானே எடுத்துக்கொள்ளும். எங்கட ஈரவலயத்தில பூட்டுப்பட்டுக் கிடக்கிறது கல்சியம் பொஸ்பேட்டே இல்லை, இரும்பு அலுமினியம் பொஸ்பேட், அதைக் கரைக்கிறது வேற கஷ்டம். அதாலதான் தட்டில வளையம் போட்ட கனக்க இனம் வயலில போய் ஒண்டும் செய்யிறேல்ல. ஏமாத்து எண்டு ஒரேயடியாச் சொல்லமாட்டன், ஆனா தட்டில கண்டதை வயலில காணாமல் விக்கிற கொம்பனி இருக்கு. உங்கட சாடியில இருக்கிறதோ கொம்போஸ்ட்டும் தும்புத்தூளும், பூட்டுப்பட்ட பொஸ்பரசே பெரிசா இல்லாத இடத்தில எதை விடுவிக்கிறது?

இதுக்குள்ள ஒரு விஷயத்தைக் கவனியுங்கோ, நெல்லு வயலில தண்ணி கட்டினவுடன மண்ணில காற்று இல்லாமல் போக, ஒக்சிசன் இல்லாத இடத்தில இரும்பை வச்சு மூச்சுவிடுற பக்டீரியா வேலை தொடங்கும், இரும்பு நிலை மாறிக் கரையும், அது பிடிச்சு வச்சிருந்த பொஸ்பேட்டும் சேர்ந்து வெளியில வரும். கன வருஷமா டீஎஸ்பி எண்ட பொஸ்பேட் பசளை போட்ட நெல்லு வயலில ஒரு போகம் குறைச்சுப் போட்டாலும் விளைச்சல் பெரிசா விழாததுக்கு இதுவும் ஒரு காரணம். இந்த இரும்புப் பக்டீரியாவை ஒருத்தரும் போத்தல்ல விக்கிறேல்ல.

நைட்ரஜன்ல கதை வேற, அதில நான் நுண்ணுயிரின்ட பக்கம். பொஸ்பரஸ் காத்தில இல்லை, எந்த நுண்ணுயிரும் அதைப் புதுசா உண்டாக்காது, மண்ணில கிடக்கிறதை எடுத்துத் தரும், அவ்வளவுதான். நைட்ரஜன் காத்தில 78 வீதம். பயறு, கௌபி, கச்சான், சோயாவின்ட வேரில முடிச்சுப் போட்டு இருக்கிற ரைசோபியம் பக்டீரியா அதை எடுத்து அமோனியாவாக்கும். ஒரு கௌபிக் கன்றை மெதுவாக் கிளப்பி, மண்ணைக் கழுவிட்டு, ஒரு முடிச்சை நகத்தால நசுக்கிப் பாருங்கோ, உள்ள இறைச்சி மாதிரி இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது, வெள்ளையா பச்சையா இருந்தா இல்லை. அந்தச் சிவப்பு எங்கட ரத்தத்தில இருக்கிற ஹீமோகுளோபினின்ட உறவு, லெக்ஹீமோகுளோபின் எண்டு பேர், நைட்ரஜனை உடைக்கிற நொதியம் ஒக்சிசன் பட்டாப் பழுதாகிப்போடும், அதால செடி ஒக்சிசனைப் பிடிச்சு வைக்க இதைச் செய்து குடுக்குது.

இதில வெண்ட நாடு பிரேசில். யொஹான்னா டொபரைனர் எண்ட விஞ்ஞானி அந்தக் காலத்திலயே சோயாவுக்கு யூரியா வேண்டாம், பக்டீரியா காணும் எண்டு நிண்டவ, அவவுக்குப் பிறகு மரியாஞ்செலா ஹங்ரியா அதை வயல் வயலாக் கொண்டுபோனவ, அவவுக்கு 2025ல உலக உணவுப் பரிசும் கிடைச்சது. அங்க ஏன் வேலை செய்தது எண்டதுதான் முக்கியம். சோயா பிரேசிலுக்கு வந்தேறின பயிர், அதுக்குப் பொருத்தமான பக்டீரியா அந்த மண்ணில இருக்கேல்ல, கொண்டுவந்து விதையில பூசினவுடன செடி ஆளைத் தெரிஞ்சு சேர்த்துக்கொண்டுது. எங்கட நாட்டிலயும் கண்டி ஹந்தானையில இருக்கிற அடிப்படை ஆய்வுகள் நிறுவகம் சோயாவுக்கு ரைசோபியம் செய்து குடுத்தது இதே காரணத்துக்குத்தான். கௌபிக்கும் கச்சானுக்கும் ஊர் மண்ணில ஏற்கெனவே பொருத்தமான பக்டீரியா நிறைய இருக்கு, அதால போத்தல் வாங்கிப் பூசினா பெரிசா வித்தியாசம் தெரியிறேல்ல.

நெல்லுக்கும் சோளத்துக்கும் இந்த முடிச்சைக் கொண்டுவரேலுமா எண்டு கேம்பிரிட்ஜில ஓல்ட்றொய்டின்ட குழு பல வருஷமா நிண்டது. பங்கசைச் சேர்க்கிற அதே ஜீன் வழியில பாதியை முடிச்சுப் போடுறதுக்கும் செடி பாவிக்குது, நெல்லிட்ட அந்தப் பாதி ஏற்கெனவே இருக்கு, அதுதான் நம்பிக்கை. மற்றப்பக்கம் 2018ல வந்த ஒரு செய்தி, மெக்சிக்கோவில வஹாக்கா மலையில ஒரு பழைய சோள இனம், தண்டில இருந்து காத்தில தொங்குற தடிச்ச வேரில கூழ் மாதிரி வடியும், அந்தக் கூழுக்குள்ள இருக்கிற பக்டீரியா நைட்ரஜனை எடுத்துக் குடுக்குது, அந்தச் சோளத்தின்ட நைட்ரஜன்ல 29 தொடக்கம் 82 வீதம் வரைக்கும் காத்தில இருந்து வந்தது எண்டு அளந்திருக்கினம். அந்த ஊர்ச் சனம் அதை எத்தினையோ தலைமுறையா நட்டுக்கொண்டு இருந்திருக்கு.

2021ஐப் பற்றிக் கதைக்காமல் இந்த நாட்டில இந்த விஷயத்தை முடிக்கேலாது. மே 6ந் திகதி வர்த்தமானி வந்து இரசாயனப் பசளை இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், நவம்பர்ல திருப்பி எடுத்தாங்கள், இடையில பெரும்போக விதைப்புக்கு யூரியா இல்லாமல் கமக்காரர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அப்ப கொழும்பில டீவியில இருந்து கதைச்ச கனபேர் "நுண்ணுயிர் இருக்குது, அது பாத்துக்கொள்ளும்" எண்டு சொன்னவை. அக்கா, ஒரு ஏக்கர் புது இன நெல்லு எடுக்கிற நைட்ரஜனை ஒரு போகத்துக்குள்ள தரக்கூடிய, வேர் முடிச்சு இல்லாமல் தனிய வாழுற பக்டீரியா இண்டைக்கும் இல்லை, பிஜி 352ஓ ஏடீ 362ஓ யூரியா போட்டு விளையிற மாதிரி இனவிருத்தி செய்த இனங்கள், அதிட்ட யூரியாவைப் பறிச்சிட்டு பக்டீரியாவைக் குடுக்கிறது நியாயமில்லை. அதே வருஷம் சீனாவில இருந்து சேதனப் பசளை ஏத்திக்கொண்டு ஹிப்போ ஸ்பிரிட் எண்ட கப்பல் வந்தது, தாவரத் தடுப்புக்காப்பு ஆக்கள் மாதிரியில செடிக்கு அழுகல் நோய் தாற எர்வினியா பக்டீரியா இருக்கெண்டு சொல்ல, கொம்பனி இல்லையெண்டு மறுக்க, கடைசியில பசளையும் இறங்கேல்ல 67 லட்சம் டொலரும் போனது.

அதுக்காக யூரியாவைக் கண்டபாட்டுக்குக் கொட்டுறதையும் நான் சரியெண்டு சொல்லேல்ல. யாழ்ப்பாணத்தில சுண்ணாகம் பக்கத்துத் தோட்டக் கிணறுகள்ல நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின்ட எல்லையான லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினதை எத்தினையோ ஆய்வு காட்டியிருக்கு, மண்ணுக்குக் கீழ சுண்ணக்கல், மேல போட்டது நேரா இறங்கும், மாட்டெருவைக் கூடப்போட்டாலும் அதே கதைதான். எங்கட பெத்தப்பா ஆக்கள் பூவரசங் குழையும் பனையோலையும் வெட்டித் தோட்டத்தில தாழ்த்தினதும், சணல் விதைச்சுப் பூக்க முன்னம் உழுது புரட்டினதும் ஒண்டும் தெரியாமச் செய்த வேலை இல்லை. ஆனா அண்டைக்கு எடுத்த விளைச்சலும் இண்டைக்கு நாடு கேக்கிற விளைச்சலும் வேற வேற.

இப்ப சொந்தக்காரருக்கு மகன் என்ன சொல்லலாம் எண்டு பாப்பம். எப்பாவலயில பொஸ்பேட் பாறை 1971ல கண்டுபிடிச்சது, அனுராதபுர மாவட்டத்திலயே மலை மாதிரிக் கிடக்கு, ஆனா அது லேசில கரையாது, தேயிலை, இறப்பர், தென்னை மாதிரி வருஷக்கணக்கில நிக்கிற பயிருக்குப் போடலாம், மூண்டு மூண்டரை மாசத்தில அறுக்கிற நெல்லுக்குச் சரிவராது, அதால டொலர் குடுத்து டீஎஸ்பி இறக்கிறம். ஒரு நெல்லினம் வேரால கொஞ்சம் கூட எடுத்தா எவ்வளவு மிச்சம்? 2012ல பிலிப்பைன்சில இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன ஆக்கள் கசலத் எண்ட ஒரு பழைய இந்திய இனத்தில பிஎஸ்டொல்1 எண்ட ஜீனைக் கண்டுபிடிச்சவை, அது இளம் வேரைக் கூட வளரச்செய்து பொஸ்பரஸ் குறைஞ்ச மண்ணிலயும் கூட எடுக்க வைக்குது, கனக்கப் புது இனங்கள்ல அது இல்லவேயில்லை, பசளை போட்ட வயலில வச்சுத் தெரிவு செய்யேக்க ஆரும் தேடாததால துலைஞ்சுபோச்சு. எங்கட கன்னொறுவை மரபணு வங்கியிலயும் பழைய நெல்லினம் குவிஞ்சு கிடக்கு. அதில ரத்து ஹீனட்டி எண்ட சிவப்பு நெல்லு கபிலத் தத்தி எண்ட நெல்லுப் பூச்சியைத் தாங்குற பிபிஎச்3 ஜீனை உலகத்துக்கே குடுத்தது. பொஸ்பரசுக்கும் பங்கசுக்கும் அதுக்குள்ள என்ன ஒளிச்சிருக்கெண்டு தேட ஆள் வேணும். அதுக்குத்தான் டிஎன்ஏ.

வேலை எப்பிடி இருக்குமெண்டும் தம்பியிட்ட ஒளிக்காமல் சொல்லுங்கோ. வேரைக் கழுவி உடன திரவ நைட்ரஜன்ல போட்டு உரல்ல அரைச்சு ஆர்என்ஏ (ஜீன் ஓன் ஆகேக்க வாற அதின்ட பிரதி) எடுக்கிறது, கொஞ்சம் சூடேறினா ஆர்என்ஏ உடைஞ்சு முழு நாளும் வீண், பிறகு எந்த ஜீன் எவ்வளவு ஓன் ஆகியிருக்கெண்டு பிசிஆர்ல பாக்கிறது, அதுக்குப் பிறகு கொம்பியூட்டரோட மாசக்கணக்கு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நேரம் மைனஸ் 80 பிரீசருக்குப் பக்கத்தில ஜெனரேட்டர் டீசலை எண்ணிக்கொண்டு இருந்தவைக்குத்தான் தெரியும் இந்த ஊரில இது என்ன வேலையெண்டு. கொழும்பு கம்பஸ்ல தாவர விஞ்ஞானம் இருக்கு, பேராதனையில விவசாயபீடமும் மொலிகியூலர் பயோலஜியும் இருக்கு. எங்க போனாலும் கெமிஸ்ட்ரியையும் ஸ்டட்டிஸ்டிக்சையும் விட்டுடாமல் படிக்கச்சொல்லுங்கோ, பயோ மட்டும் தெரிஞ்ச ஆக்கள் இதில அரைவழியில நிண்டுபோறதை நான் கனக்கப் பாத்திருக்கிறன். உள்ளூரில சம்பளம் பெரிசில்லை, பிஎச்டிக்கு அனேகமா வெளியில போகவேண்டி வரும், அதையும் இப்பவே கதைச்சுக்கொள்ளுங்கோ.

போத்தல் மிச்சம் இருந்தா எறியாதேங்கோ. காலாவதித் திகதி பாத்து, தாண்டேல்லையெண்டா பாதியைக் கேத்தில்ல இல்லாமல் வேண்டாத ஒரு சட்டியில ஊத்தி நல்லாக் கொதிக்க வச்சு ஆறவிடுங்கோ. ஒரே இனத் தக்காளிக் கன்று ஆறு எடுத்து, ஒரே அளவுச் சாடியில, ஒரே மண்ணில ஒரே நாளில நட்டு, மூண்டுக்குக் கொதிக்காததையும் மூண்டுக்குக் கொதிச்சதையும் ஒரே அளவில ஊத்தச்சொல்லுங்கோ, எது எதெண்டு சாடிக்கு அடியில எழுதி வச்சிட்டு ஊத்துறது மகன், பாத்து எழுதுறது நீங்கள். கொதிச்சதையும் ஊத்துறது ஏனெண்டா அந்தத் திரவத்துக்குள்ளயே கொஞ்சம் சத்து இருக்கும், வெறும் தண்ணியோட ஒப்பிட்டா பக்டீரியா வேலை செய்ததா, அந்தச் சத்து வேலை செய்ததா எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. பசிலஸ் எண்டா வித்தியாக, அதாவது கட்டியான உறைக்குள்ள தூங்கிற நிலையில இருக்கும், ஒருக்காக் கொதிக்க வச்சாச் சாகாது, அதால அடுத்தடுத்த ரெண்டு நாளும் திரும்பக் கொதிக்க வையுங்கோ. சாடிக்கு கலப்புப் பசளை போடவே வேண்டாம், கொம்போஸ்ட்டையும் பாதியாக் குறைச்சு ஆத்துமணல் கலவுங்கோ. கத்தரியை இதுக்குள்ள இழுக்காதேங்கோ, அது இன்னொரு கணக்கு. மற்றது உங்கட பல்கனி கடல்பக்கமோ எண்டு சொல்லேல்ல, அப்பிடியெண்டா உப்புக்காத்துக்கு இலை நுனி கருகும், அதைச் சத்துக் குறைபாடு எண்டு நினைச்சு மேல மேல பசளை போட்டுடாதேங்கோ, பின்னேரத்தில இலையை நல்ல தண்ணியால கழுவி விட்டாக் காணும்.